ஊர்ப் பந்தியில் வெளியூர் இலை

தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது புன்னைக்காயல். ஆறு கொண்டுவந்த மணல் கொற்கைத் துறையை உள்நாட்டு ஊராக்கியது. அடுத்துப் பழையகாயலைத் தூர்த்தது. பிறகு துறை முகத்துவாரத்தின் விளிம்புக்கே நகர்ந்தது. முத்து வாங்கவும் சங்கு வாங்கவும் வேதம் சொல்லவும் வந்தவர்கள் காலந்தோறும் இந்தக் கரையில் இறங்கியிருக்கிறார்கள். இறங்கியவர்களுக்குக் கரையில் சோறும் கிடைத்திருக்கிறது. அந்தச் சோற்றை அவர்கள் எங்கே உட்கார்ந்து, யாருடன், எந்தப் பந்தியில் உண்டார்கள் என்பது வேறு கேள்வி.

வீட்டுக்கு வந்தவருக்கு இலை போடுவதைப் பற்றித் தமிழில் எழுதாதவர் இல்லை. ஊரே வரி பிரித்து, ஆக்கி, தன் தெய்வத்தின் பேரால் கூடி உண்ணும் விருந்தில் ஊரைச் சேராதவருக்கு என்ன இடம் என்பதைத் தனியாக எடுத்துப் பேசியவர்கள் குறைவு. தலைக்கட்டு வரிப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. கொண்டான் கொடுத்தான் உறவும் இல்லை. அப்படியானால் அவர் விருந்தாளியா, சாட்சியா, வேடிக்கை பார்க்க வந்தவரா, காசு கொடுக்கும் வாடிக்கையாளரா? உலகில் இந்தக் கேள்வி அதிகம் கேட்கப்பட்டது பசிபிக் நடுவே உள்ள ஹவாய்த் தீவுகளின் ‘லூவாவ்’ விருந்தை வைத்துத்தான். அங்கே கிடைத்த விடைகளையும் நம் கரையில் கிடைக்கும் விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரு தரப்பிலும் எது விடுபட்டிருக்கிறது என்பது தெரியவரும்.

புதியவன் என்ற சொல்

‘விருந்து’ என்பதற்குப் பழந்தமிழில் புதுமை என்றே பொருள். தொல்காப்பியச் செய்யுளியல் சொல்லும் எட்டு வனப்புகளுள் ஒன்றுக்கு விருந்து என்று பெயர்; புதிதாகப் புனைவது என்ற பொருளில் அது அங்கே நிற்கிறது. புதியவரைக் குறித்த சொல் பின்னர் அவருக்கு இட்ட உணவைக் குறிக்கத் தொடங்கியது. உறவினர் வந்தாலும் விருந்து என்று இன்று சொல்கிறோம். சொல்லின் முதல் உரிமையாளர் முன்பின் அறியாதவர்தான்.

இதிலிருந்து ஒரு பழைய விடை பிறக்கிறது: அறியாதவருக்கு இடுவதுதான் விருந்து, அறிந்தவருக்கு இடுவது சாப்பாடு. திருக்குறள் விருந்தோம்பலை இல்லறவியலில் வைத்ததால் அங்கே விருந்து இடுவது ஒரு வீடு. ஆற்றுப்படை நூல்களில் காட்சி விரிகிறது. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணனோ கூத்தனோ எதிரே வருபவனிடம் வழி சொல்கிறான். எந்த நிலத்தில் எந்த மக்கள் என்ன தருவார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறான். பத்துப்பாட்டில் பாதி இந்த வகை. சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்துப் பரதவர் வந்தவர்களுக்குக் கள்ளும் சுட்ட குழல்மீனும் கொடுக்கிறார்கள். முத்துக்குளித்துறைப் பரதவரைப் பற்றிப் பேசும் எவரும் இந்த இடத்தைத் தொடாமல் போவதில்லை. எயிற்பட்டினம் வடக்கே மரக்காணத்துப் பக்கம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இந்த விடையில் ஒரு ஓட்டை உண்டு. ஆற்றுப்படையில் வருபவர் வெறுங்கையோடு வரவில்லை. அவரிடம் யாழோ பறையோ இருக்கிறது. விருந்துக்கு ஈடாக அவர் பாடுகிறார், ஆடுகிறார். உண்பவர் கலைஞர், பார்ப்பவர் ஊரார். ஹவாயில் இன்று காசு வாங்கி நடத்தும் லூவாவில் நிலைமை நேர்மாறு: உண்பவர் பார்க்கிறார், ஊரார் ஆடுகிறார்கள். விருந்தின் வரலாற்றில் நடந்த பெரிய மாற்றம் இந்த இடமாற்றம் என்றே தோன்றுகிறது. பழைய தமிழ் விருந்தை ‘எதையும் எதிர்பாராத கொடை’ என்று போற்றுவோரும், இன்றைய சுற்றுலா விருந்தை ‘முழு வியாபாரம்’ என்று தள்ளுவோரும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

அசனம், களரி, கொடை

முத்துக்குளித்துறையில் வெளியார் சந்திக்கக்கூடிய ஊர் விருந்துகள் பல வகை. கிறிஸ்தவ ஊர்களில் அதற்குப் பெயர் அசனம். உணவு என்ற பொருளுடைய வடசொல் அது. ஒட்டப்பிடாரம் பக்கத்துப் புளியம்பட்டி அந்தோனியார் கோயிலிலும், தெற்கே உவரி அந்தோனியார் கோயிலிலும் நேர்ச்சை செய்தவர்கள் ஆடோ கோழியோ அறுத்துச் சமைத்து, வந்தவர்களைக் கூப்பிட்டுப் பரிமாறுகிறார்கள். முதலூர், சாயர்புரம், நாசரேத் வட்டாரத்துச் சீர்திருத்த சபைகளில் அசனம் என்பது சபையே சேர்ந்து நடத்தும் பண்டிகை. பெயர் ஒன்று, ஏற்பாடு வேறு. நேர்ச்சை அசனத்தில் விருந்து இடுபவர் ஒரு குடும்பம். உண்பவர் யாராகவும் இருக்கலாம், சொல்லப்போனால் அறியாதவர் உண்டால்தான் நேர்ச்சை நிறைவேறும். சபை அசனத்தில் விருந்து இடுபவரும் உண்பவரும் ஒரே சபை. வெளியார் அதில் கூடுதல் இலை.

ஆற்றுக்குத் தெற்கே, புன்னைக்காயலின் அண்டை ஊரான காயல்பட்டினத்தில் வேறொரு முறை. களரிச் சாப்பாடு என்றால் நெய்ச்சோறு, களரிக் கறி, கத்தரிக்காய் பருப்பு. அது சகன் என்ற பெரிய தட்டில் வரும்; சுற்றி அமர்ந்தவர்கள் ஒரே தட்டில் உண்பார்கள். இலைச் சாப்பாட்டில் வெளியாரைக் கடைசியில் ஓர் ஓரத்தில் உட்காரவைத்துவிடலாம். சகனில் ஓரம் கிடையாது. தட்டைச் சுற்றி உட்கார்ந்த பிறகு எல்லாருடைய கையும் ஒரே சோற்றில்தான். பந்தியின் வடிவமே சமத்துவத்தைக் கட்டாயப்படுத்துமா என்று கேட்பவர்களுக்கு இது நல்ல சான்று; யார் அந்தத் தட்டுக்கு அழைக்கப்படுகிறார் என்பது தட்டுக்கு முந்திய கேள்வி என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அம்மன் கோயில் கொடைகளில் கிடாவெட்டுக்குப் பின் நடக்கும் கறிச்சோறு மூன்றாவது வகை. அங்கே வரி கொடுத்த தலைக்கட்டுகளுக்குப் பங்கு கணக்கு உண்டு. வெளியூர்க்காரர் யாராவது ஒரு தலைக்கட்டின் விருந்தாளியாகத்தான் அதற்குள் வர முடியும். ஊருக்குப் பொதுவான விருந்தாளி என்று ஒருவர் கிடையாது. ‘கை நனைக்காமல் போகக் கூடாது’ என்று அவரை வற்புறுத்துவது அந்த ஒரு வீடுதான்.

ஒரே வட்டாரத்தில், ஒரே ஆற்றின் கழிமுகத்தில், வெளியாருக்கு மூன்று விதமான இடம். ‘தமிழர் விருந்தோம்பல்’ என்று ஒருமையில் பேசுவது ஏன் உதவாது என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

கூடி உண்டால் உறவு

மேற்கத்திய ஆய்வில் இந்தக் கேள்விக்கு முதலில் வந்த பெரிய விடை ராபர்ட்சன் ஸ்மித்துடையது. 1889இல் வெளிவந்த செமித்தியர் சமயம் பற்றிய சொற்பொழிவுகளில், பலியின் அடிப்படை தெய்வத்தோடும் ஒருவரோடொருவரும் சேர்ந்து உண்பது என்றார். சேர்ந்து உண்டவர் உறவாகிறார். பின்னர் 1925இல் மார்செல் மோஸ் கொடையைப் பற்றிய தம் கட்டுரையில், கொடுப்பது, பெறுவது, திருப்பிக் கொடுப்பது மூன்றும் கடமைகள் என்றார். பாலினேசியச் சான்றுகள் அவருடைய வாதத்தில் முக்கியமானவை. நம் நாட்டில் மோஸைப் படிக்காமலே இதை நடத்திக் காட்டுபவர்கள் புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து மொய்விருந்துக்காரர்கள். ஆடி மாதத்தில் கறிச்சோறு போட்டு, வந்தவர் வைத்த மொய்யை நோட்டில் எழுதி, பின்னாளில் அவர் விருந்தில் கூட்டி வைக்கிறார்கள். அந்த நோட்டில் பெயர் ஏறாதவர் அங்கே வெறும் பார்வையாளர்.

கூடி உண்டால் உறவு என்ற கருத்து தென் தமிழகத்தில் கோட்பாடாக நிற்கவில்லை; சோதனைக் கருவியாகவே பயன்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் புராட்டஸ்டண்ட் மிஷனரிகள் சாதியை விட்டுவிட்டதற்கு அடையாளமாகச் சேர்ந்து உண்பதைக் கேட்டார்கள். மதுரை அமெரிக்க மிஷன் ‘அன்பின் விருந்து’ நடத்தியது. உட்கார மறுத்த உபதேசியார்கள் விலக்கப்பட்டார்கள். 1850இல் சென்னை மிஷனரி மாநாடு எந்தச் சாதியார் சமைத்ததையும் உண்ண ஒருவர் தயாரா என்பதைச் சாதி துறந்ததற்கு அளவுகோலாக வைத்தது. இன்றைய சபை அசனத்தின் சமபந்திக்கு இந்தச் சச்சரவும் ஒரு பின்னணி என்று கருத இடமுண்டு. அது மட்டுமே பின்னணி என்று சொல்லிவிட முடியாது: அய்யா வைகுண்டர் வழியினரின் சேர்ந்துண்ணும் மரபு பக்கத்திலேயே இருந்தது, 1867 மே 23 அன்று வடலூரில் வள்ளலார் தொடங்கிய சத்திய தருமச்சாலையும் அதே நூற்றாண்டைச் சேர்ந்தது.

இந்த விடையின் பலவீனம் சேரன்மாதேவியில் வெளிப்பட்டது. புன்னைக்காயலில் கடல் சேரும் அதே தாமிரபரணிக் கரையில், வ.வே.சு. ஐயர் தேசியக் கல்விக்காகத் தொடங்கிய குருகுலம் அது. காங்கிரசின் நிதியும் பொதுமக்கள் நன்கொடையும் பெற்ற அந்த நிறுவனத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியே சாப்பாடு பரிமாறப்பட்டது தெரியவந்ததும் 1924–25இல் பெரும் விவாதம் மூண்டது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்து நின்றார்கள். தமிழ்நாட்டு அரசியல் திசை திரும்பியதில் அந்தப் பந்திக்குப் பங்கு உண்டு. கூடி உண்பது உறவாக்கும் என்றால், பிரித்து உண்பது பகையாக்கும் என்பதும் உண்மைதானே. ஸ்மித்தின் வாசகர்கள் முதல் பாதியோடு நின்றுவிட்டார்கள்.

வரிசையும் மரியாதையும்

பந்தி சமமாக்குகிறது என்பதற்கு நேர் எதிரான விடை, பந்திதான் வரிசைப்படுத்துகிறது என்பது. மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளரிடையே ஆய்வு செய்த லூயி துய்மோன் 1966இல் எழுதிய நூலில் யார் கையால் யார் உண்கிறார் என்பதைச் சாதி அடுக்கின் அடையாளமாக எடுத்துக்கொண்டார். மக்கிம் மாரியட் வட இந்தியச் சிற்றூர் ஒன்றின் உணவுப் பரிமாற்றங்களை அட்டவணையாக்கி, கொடுப்பவர் மேலே, பெறுபவர் கீழே என்று காட்டினார். அர்ஜுன் அப்பாதுரை 1981இல் தமிழ்ப் பிராமணக் குடும்பங்கள், கல்யாணப் பந்திகள், கோயில் பிரசாதம் ஆகியவற்றை வைத்து, உணவு ஒருவரை நெருக்கவும் செய்யும், விலக்கவும் செய்யும் என்று எழுதினார். கல்யாண வீட்டில் யாருக்கு எந்தப் பந்தி, யாரை யார் வந்து அழைத்தார் என்பதில் வெடிக்கும் சண்டைகளைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பில்லை.

கிறிஸ்தவக் கடற்கரைக்கு இது பொருந்துமா? சூசன் பெய்லி பரதவர் பற்றிய ஆய்வுகளில், 1530களில் நிகழ்ந்த மதமாற்றத்துக்குப் பிறகும் சாதித்தலைவர் என்ற பதவியும் அவருக்குரிய கோயில் மரியாதைகளும் நூற்றாண்டுகள் நீடித்ததைக் காட்டினார். தூத்துக்குடி பனிமய மாதா தங்கத்தேரை 1806இல் முதலில் ஓடச் செய்தவரும் சாதித்தலைவரே. டேவிட் மோஸ் இராமநாதபுரச் சிற்றூர் ஒன்றின் திருவிழாவை ஆராய்ந்து, 2012இல் வந்த நூலில், கத்தோலிக்க விழா மரியாதைகளில் தலித் மக்களுக்கு மறுக்கப்பட்ட இடத்தையும் அவர்கள் அதற்கு எதிராகப் போராடியதையும் விரிவாக எழுதினார். மதம் மாறினாலும் பந்தியின் இலக்கணம் எளிதில் மாறுவதில்லை என்பதே இவர்கள் காட்டும் திசை.

இந்தத் தரப்புக்கும் குறை உண்டு. வரிசையை மட்டும் தேடிப் போனால் வரிசைதான் கண்ணில் படும். வரிசைக்கு வெளியே நிற்கும் தூரத்து மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இந்த ஆய்வுகளுக்குத் தெரியவில்லை. அன்றிக் அன்றீக்கஸ் அடிகளாரை எடுத்துக்கொள்வோம். போர்ச்சுகலில் யூத வழியில் வந்தவர் என்பதால் பிரான்சிஸ்கன் சபையில் நீடிக்க முடியாமல் போனவர். இயேசு சபையில் சேர்ந்து 1546இல் இந்தியா வந்து, ஏறத்தாழ அரை நூற்றாண்டு முத்துக்குளித்துறையில் வாழ்ந்து, 1600இல் இறந்தார். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவருடையது. 1586இல் வந்த ‘அடியார் வரலாறு’ புன்னைக்காயலில் அச்சானதாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. தமிழ் அச்சு வேலைக்குப் பரதவர் பொருள் கொடுத்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். சொந்த நாட்டில் ஒதுக்கப்பட்ட ஒருவருக்கு இந்த ஊர் இடம் கொடுத்தது. சாதி அடுக்கில் அவருக்கு எந்தப் படி? எந்தப் படியும் இல்லை; அதனாலேயே இடம் கொடுப்பது எளிதாக இருந்திருக்கலாம்.

இலைக்கு விலை

ஹவாயில் ‘லூவாவ்’ என்பது முதலில் சேம்பு இலையைக் குறித்த சொல். அந்த இலையைத் தேங்காய்ப் பாலில் கோழியோடோ கணவாய் இனத்தோடோ வேகவைத்த கறி விருந்தில் முக்கியமானது. விருந்துக்குப் பழைய பெயர் ‘அஹா ஆயினா’. கறியின் பெயர் விருந்துக்கு ஆகிவந்தது 19ஆம் நூற்றாண்டின் நடுவில். நிலத்தில் குழி தோண்டி, சூடேற்றிய கற்களின் மேல் இலை பரப்பி, பன்றியை வைத்து மூடி வேகவைப்பார்கள். 1847இல் மூன்றாம் கமேஹமேஹா மன்னர் நாட்டுரிமை மீண்ட நாளைக் கொண்டாட நடத்திய விருந்துக்குப் பத்தாயிரம் பேர் வந்திருப்பார்கள் என்று அந்த இடத்தில் உள்ள நினைவுப் பலகை மதிப்பிடுகிறது. கலாகௌவா மன்னர் காலத்தில் எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் போன்ற வெளிநாட்டார் அரச லூவாவ்களில் உட்கார்ந்தார்கள். 1893இல் அரசாட்சி கவிழ்க்கப்பட்டது. 1898இல் அமெரிக்கா தீவுகளைச் சேர்த்துக்கொண்டது. 1959இல் அவை மாநிலமாயின. ஜெட் விமானம் வந்தபின் கடற்கரை விடுதிகளில் சீட்டு வாங்கிச் செல்லும் லூவாவ் பெருகியது. குழந்தையின் முதல் பிறந்த நாளுக்குக் குடும்பங்கள் நடத்தும் லூவாவ் இன்றும் தனியே நடக்கிறது. அதற்குச் சீட்டு இல்லை.

இந்த விற்பனைப் பந்தியைப் பற்றி இரண்டு தரப்புகள். டீன் மெக்கானல் 1976இல் எழுதிய நூலில், சுற்றுலாப் பயணி உண்மையான வாழ்வைத் தேடி வருகிறார், அவருக்குக் கிடைப்பதோ அவருக்காகவே அமைத்த மேடை என்றார். ஹவாய்ப் பூர்வகுடிக் கவிஞரும் பேராசிரியருமான ஹௌனானி-கே திராஸ்க் 1993இல் வந்த கட்டுரைத் தொகுப்பில் இதைவிடக் கடுமையாகப் பேசினார்: நிலத்தைப் பறித்துக்கொண்டவர்களே பண்பாட்டையும் கூலிக்கு ஆட வைக்கிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. மறுதரப்பில் ஏட்ரியா இமாடா போன்றோர், காசுக்கு ஆடியவர்களும் அந்த மேடைகளைத் தங்கள் நோக்கங்களுக்குப் பயன்படுத்திக்கொண்டதை வரலாற்றுச் சான்றுகளோடு காட்டினார்கள். திராஸ்க்கின் வாதம் உணவைப் பற்றியதே அல்ல, நிலத்தைப் பற்றியது என்பதைப் புரிந்துகொண்டால் இரண்டு தரப்பும் அவ்வளவு தூரத்தில் இல்லை.

தமிழ்நாட்டில் ஊர் விருந்தை விற்கும் தொழில் இன்னும் அந்த அளவுக்கு வளரவில்லை. சுற்றுலாத் துறை பொங்கல் நாளில் வெளிநாட்டாரைச் சிற்றூர்களுக்கு அழைத்துச் செல்வதும், அவர்கள் வேட்டி கட்டிப் பொங்கல் பானையருகே நின்ற படம் மறுநாள் நாளிதழில் வருவதும் பழகிப்போன காட்சிகள். சோற்றை விற்பதே இங்கே பிற்கால வழக்கம் என்று தொ. பரமசிவன் எழுதியதை இந்த விவாதத்தில் நினைவுகூர்வது பொருந்தும். ஆனால் விற்காத விருந்து, வாங்காத விருந்து என்று ஒரு தூய நிலையை அதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. முத்துக்குளிப்பு நடந்த காலங்களில் இந்தக் கரையில் பல நாட்டு வணிகரைக் கொண்ட தற்காலிக ஊரே எழும்பிக் கலையும். அந்த ஊரில் சோறு, தண்ணீர், நிழல் எல்லாவற்றுக்கும் விலை இருந்திருக்கும். கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு முடிந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டதால் அந்த நினைவு மங்கி, கொடை மட்டும் நினைவில் நிற்கிறது.

விற்பனைக்கும் கொடைக்கும் நடுவே ஒரு வேடிக்கையான எடுத்துக்காட்டு வடக்கம்பட்டி. திருமங்கலத்தை அடுத்த அந்த ஊரின் முனியாண்டி கோயிலில், ஊர் ஊராக முனியாண்டி விலாஸ் நடத்திப் பிரியாணி விற்பவர்கள் தை மாதத்தில் கூடி, வருகிறவர் எல்லாருக்கும் அதே பிரியாணியைப் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். ஆண்டு முழுதும் விலை, ஒரு நாள் இலவசம். அந்த ஒரு நாள் மற்ற நாட்களின் கடனைத் தீர்ப்பதாகவும் பார்க்கலாம், மற்ற நாட்களுக்கு விளம்பரம் என்றும் பார்க்கலாம். உண்பவருக்கு இந்த ஆராய்ச்சி தேவைப்படுவதில்லை.

உரிமையா, கருணையா

தத்துவவாதிகள் கேள்வியைச் சட்டத்தின் பக்கம் இழுத்தார்கள். 1795இல் நிலையான அமைதி பற்றி எழுதிய இம்மானுவேல் காண்ட், அந்நிய மண்ணில் கால் வைப்பவரைப் பகைவராக நடத்தக் கூடாது என்பது உரிமை, கருணை அல்ல என்றார். அதே மூச்சில், அது வந்துபோகும் உரிமைதான், விருந்தாளியாகத் தங்கும் உரிமை இல்லை என்றும் எல்லை கட்டினார். ‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்ற நம் பழமொழி இந்த எல்லையை நாள் கணக்கிலேயே சொல்லிவிட்டது. இரு நூற்றாண்டு கழித்து தெரிதா, எல்லை கட்டிய விருந்தோம்பல் விருந்தோம்பலே ஆகாது, எல்லையற்றதோ நடைமுறைக்கு வராது என்று காண்டை மடக்கினார். மடக்கியபின் வழி எதுவும் அவர் சொல்லவில்லை.

நம் கடலில் இந்த உரிமைக்கு ஒரு நிஜ வடிவம் உண்டு. 1974இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்பாட்டின் ஐந்தாம் பிரிவு, இந்திய மீனவரும் யாத்திரிகரும் கச்சத்தீவுக்கு முன்போலவே வந்துபோகலாம், அதற்குப் பயண ஆவணமோ விசாவோ வேண்டாம் என்கிறது. அங்குள்ள அந்தோணியார் திருவிழாவுக்கு இரு கரை மக்களும் போய், சேர்ந்து வழிபட்டு, ஆக்கி உண்டு திரும்புவது அந்தப் பிரிவின் நிழலில்தான். உள்நாட்டுப் போர்க் காலத்தில் விழா தடைப்பட்டது. பின்னர் மீண்டும் நடந்தது. இப்போது இரு அரசுகளின் கெடுபிடிக்குள் நடக்கிறது. அங்கே யார் விருந்தாளி, யார் வீட்டுக்காரர்? தீவில் குடியிருப்பவர் எவரும் இல்லை. காண்டும் தெரிதாவும் ஒரு வீட்டுக்காரர் இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டே பேசினார்கள். குடியில்லாத தீவில் கூடும் இந்த விருந்துக்கு அவர்களிடம் சொல் இல்லை.

அடுப்படியில் நிற்பவர்கள்

இதுவரை பார்த்த எல்லாத் தரப்புகளும் பொதுவாகத் தவறவிட்ட ஓர் இடம் உண்டு. பந்தியைப் பார்த்தார்கள், அடுப்பைப் பார்க்கவில்லை. ஹவாயில் 1819 வரை ஆணும் பெண்ணும் சேர்ந்து உண்பதே தடை. பன்றியும் தேங்காயும் பல வகை வாழையும் பெண்களுக்கு விலக்கு. அந்த ஆண்டு இளம் மன்னர் இரண்டாம் கமேஹமேஹா பெண்களோடு அமர்ந்து உண்டார். அந்த ஒரு சாப்பாட்டோடு பழைய விலக்குமுறை சரிந்தது. அதை நடத்திவைத்ததில் காஹுமானு, கேயோபுவோலானி என்ற இரு அரச குடும்பப் பெண்களின் பங்கு பெரிது. இன்று பயணிகளுக்குக் காட்டப்படும் லூவாவ் ‘தொன்றுதொட்டு வந்தது’ என்று அறிமுகமாகிறது. ஆணும் பெண்ணும் அருகருகே அமரும் அந்தப் பந்தி உண்மையில் ஒரு கலகத்தின் பின்விளைவு.

தமிழ்நாட்டில் திருமங்கலம் அருகே அனுப்பப்பட்டி கரும்பாறை முனியாண்டி கோயிலில் மார்கழியில் நடக்கும் கறிவிருந்தில் ஆண்களுக்கு மட்டுமே இடம் என்பதும், உண்ட இலைகள் காயும்வரை பெண்கள் அந்தப் பக்கம் வருவதில்லை என்பதும் ஆண்டுதோறும் நாளிதழ்ச் செய்தி. எங்கிருந்தோ வந்த ஆண் அங்கே உட்காரலாம். அதே ஊர்ப் பெண் உட்கார முடியாது. தெற்கத்தி அசனங்களில் பெண்களுக்குப் பந்தி உண்டு. என்றாலும் பல ஊர்களில் தேங்காய் திருகுவதும் காய் நறுக்குவதும் பெண்கள், பெரிய அண்டாவில் கரண்டி பிடிப்பதும் பரிமாறுவதும் ஆண்கள் என்ற பிரிவு நீடிக்கிறது. வெளியாரின் இடத்தை ஆராய்ந்தவர்கள் அவருக்காக எழுந்து நின்றவர் யார் என்று எழுதியிருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும்.

மதிப்பீடு

வந்தவரை ஊர் மனதார வரவேற்கிறதா, காசுக்காக வரவேற்கிறதா என்ற கேள்வியிலேயே ஹவாய் விவாதம் பெரிதும் சுழல்கிறது. நம் விவாதமோ ஒரே ஊருக்குள் யார் யாரோடு உட்காரலாம் என்பதிலேயே சுழன்றது. முன்னது தூரத்து அந்நியரைப் பற்றியது, பின்னது பக்கத்துத் தெரு அந்நியரைப் பற்றியது. இரண்டையும் சேர்த்து வைத்தால், தூரத்து அந்நியருக்குக் கிடைக்கும் உபசாரத்தைக் கொண்டு ஓர் ஊரின் விருந்தோம்பலை அளப்பது பிழையான அளவை என்று சொல்லத் தோன்றுகிறது. கப்பலில் வந்தவருக்கு முதல் பந்தியில் இலை போடுவதால் ஊரின் ஒழுங்கில் எதுவும் குலையாது. அவர் நாளை போய்விடுவார். அடுத்த தெருக்காரர் நாளையும் இருப்பார், அதே மரியாதையைக் கேட்பார். சேரன்மாதேவியில் எழுந்ததும், இராமநாதபுரத்துத் திருவிழாவில் எழுந்ததும் இந்த அடுத்த தெருக் கேள்விதான். வெளிநாட்டாரைப் பானையருகே நிறுத்திப் படம் எடுக்கும் விழாக்கள் இதற்கு விடை சொல்வதில்லை.

தீராத கேள்விகள் இன்னும் உண்டு. நேர்ச்சை அசனத்தில் அறியாதவர் உண்பது நேர்ச்சையின் நிபந்தனை என்றால், அங்கே உண்பவர்தான் கொடுப்பவரோ என்று கேட்கலாம். மார்செல் மோஸின் மூன்று கடமைகளும் அப்போது தலைகீழாகும். கைபேசியில் படம் பிடித்து வலைத்தளத்தில் ஏற்றும் இக்காலப் பார்வையாளரை ஆற்றுப்படைப் பாணரின் வழித்தோன்றல் என்று சொல்வோரும் உண்டு. அவர் ஊருக்குப் பாடுகிறாரா, ஊரைப் பாடுகிறாரா என்பது தெளிவாகும்வரை அதை ஏற்கத் தயக்கமாக இருக்கிறது.

இதற்கிடையில் பந்தியே குறைந்துவருகிறது. பல அசனங்களில் இப்போது உட்கார்ந்து உண்பவரைவிட, தூக்குவாளியும் சம்படமும் கொண்டுவந்து சோற்றையும் கறியையும் வீட்டுக்கு வாங்கிப்போகிறவர்கள் அதிகம். வரிசையில் நிற்க சாதி கேட்பதில்லை, பந்தி எண் கேட்பதில்லை. வெளியூரிலிருந்து வந்தவர் கையில் மட்டும் பாத்திரம் இருக்காது.